மஞ்சள் டேப் ஒட்டிய கசெட்

திருகோணமலை,
ஆவணி 1998, வியாழன் இரவு.

அன்புள்ள அசனாவுக்கு,

கிண்ணியாவில் நீயும் உம்மாவும் வாப்பாவும் சுகமாக இருக்க இறைவன் துணை இருக்கட்டும். நாங்கள் இருக்கிறோம். ஜெமீலா ரீச்சர் நாளை ஊருக்கு வரும்போது விடைத்தாள் கட்டுக்குள் இதை வைத்துக் கொண்டுவருவார். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

தண்ணிக்கடியால் ஆட்கள் வராமலிருக்க நேவி கடலுக்குள் குண்டு போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிறது, அம்மா புரண்டு படுக்கிறார். அவர் எழும்ப முன்னர் முடிக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அண்ணா வீட்டை விட்டுப் போனது உனக்குத் தெரியும். போன வருடம் ஈச்சிலம்பற்று மாமா ஒரு கசெட் கொண்டுவந்தார். அதில் அண்ணா நிற்கிறார். என்ன உடுப்பில் என்று நான் எழுதமாட்டேன். அப்பா அறிந்தால் பயத்தில் எரித்துவிடுவார் என்று, அம்மா அதன்மேல் ஒருவரும் கேட்காத ஒரு பழைய சாமிப்படத்தின் பெயரை எழுதி, எங்கள் வீடியோக் கடைக் கசெட்டுகளுக்குள்ளேயே ஒளித்துவைத்தார். அப்பா வெளியே போனால் இருவரும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்போம்.

ஒருவரும் கேட்காத படம் என்பதுதான் வினையாகிவிட்டது. கொழும்பிலிருந்து வெறும் கசெட் வருவதில்லை. வாடகைக்குப் போகாத படங்களை எடுத்து, மேலே பதியாமலிருக்க மூலையில் உடைத்த ஓட்டையை மஞ்சள் டேப்பால் அடைத்து, அவற்றின்மேல் அப்பா புதுப்படம் அடிக்கிறார். நேற்று அம்மா அந்தச் சாமிப்படம் எங்கே என்று கேட்டார். “அதை ஆர் பாக்கிறது? அதுக்கு மேல சண்டைப்படம் அடிச்சு ஸெய்னுதீன் நானாட்டக் குடுத்திட்டன். சென்றிக்காரருக்கு நல்லாப் பிடிக்கும்” என்று அப்பா சிரித்தார்.

அசனா, எங்களிடம் எடுத்துப்போகும் கசெட் கட்டைத் தடுக்காமல் விடுவதற்காக உன் வாப்பா துறையடி ஆமிச் சென்றிக்கு ஒரு படம் சும்மா கொடுப்பாரே, அந்தப் படம் இதுதான். கசெட் மூன்று மணித்தியாலம் ஓடும். சண்டைப்படம் அவ்வளவு நீளம் இல்லை. முடிந்த பிறகு வால்பகுதியில் அண்ணா இன்னும் நிற்கிறார்.

அம்மா உண்மையைச் சொன்னதும் அப்பா கதிரையிலேயே இருந்துவிட்டார். “படம் முடிஞ்சா நிப்பாட்டிப் போடுவாங்கள். நாங்கள் வாய் திறக்கப்படாது” என்கிறார். நிறுத்தாமல் நித்திரையாகிவிட்டால்? களவாக அடித்த படத்தைத் திருப்பித் தாருங்கள் என்று சென்றியில் போய் நிற்க ஏலுமா?

அடுத்தவன் உழைப்பைக் கொப்பி அடித்து விற்பதும் களவுதான் என்று ஜெமீலா ரீச்சர் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் சொன்னேன். “படம் எடுத்தவன் திருகோணமலைக்கு ஒரு கசெட் அனுப்பினவனா? நான் அடிக்காட்டி இந்தச் சனம் எதைப் பாக்கும்? நீ எதைச் சாப்பிடுவாய்?” என்று அப்பா கேட்டார். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது யாரோ ஒருவரின் படத்தைக் களவெடுத்து எங்கள் அண்ணாவின் மேல் பதிந்துவிட்டோம். யாரிடம் போய் முறையிடுவது?

உன் வாப்பா சனிக்கிழமை பின்னேரம்தான் சென்றிக்குக் கொடுப்பார். அதற்கு முன் மஞ்சள் டேப் ஒட்டிய அந்தச் சண்டைப்படக் கசெட்டைத் தேடி எடு. டேப்பை உரிக்காதே, அது இருந்தால்தான் மேலே பதியும். உங்கள் டெக்கில் போட்டு, படம் முடிந்த இடத்திலிருந்து கடைசிவரை வெறுமையாகப் பதியவிடு. எல்லாம் அழிந்துவிடும். வாப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

நான் இப்படி எழுதுவது அம்மாவுக்கும் தெரியாது. சென்றியிலிருந்து கசெட் திரும்பிவரும், வாலையாவது போட்டுப் பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கிறார்.

அழிக்க முன்னர் நீ ஒருக்கால் பார். கடைசியில் அண்ணா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார், உங்கள் வீட்டுப் பெருநாளில் மூன்றாவது வட்டிலப்பத்துக்குக் கை நீட்டியபோது சிரித்தாரே, அதே சிரிப்பு. அவர் சிரித்து முடிக்கும்வரை விடு. பிறகு அழி.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

உன்,
குணேஸ்வரி