ஏகமனதாக, கைதட்டலுடன்

மார்ச் 3

கிளினிக்கில் கூட்டமில்லை. ஒரு தோள்பட்டை, இரண்டு முழங்கால். மதியம் நீச்சல் சம்மேளனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உலகப் பொதுக்குழு மே மாதம், ஏரிக்கரை ஓட்டலில். நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக வீரர் நலக் குழுவுக்குப் புதிய தலைவர். பெயரைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். கம்புக்காரர்.

நெடுந்தூர நீச்சலில் நீந்துகிறவர்கள் படகைத் தொடக் கூடாது. பயிற்சியாளர் படகில் இருந்தபடி நீளக் கம்பின் நுனியில் பாட்டிலை மாட்டி நீட்டுவார், மிதந்துகொண்டே குடிக்க வேண்டும். இந்த மனிதர், வேகம் குறைந்தால் கம்பை உள்ளே இழுத்துக்கொள்வார். "கெஞ்சு, தர்றேன்" என்பார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் கம்புக்காரர். அப்படிக் கெஞ்ச மறுத்த பெண் ஒருத்தி மயங்கித் தண்ணீருக்குள் போனாள். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் தூக்கினார்கள்.

எங்கள் நெறிமுறைக் குழு விசாரித்து, குற்றம் உறுதி என்று எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. கிணற்றில் போட்ட கல். இப்போது வீரர்களின் நலனை அவரே பார்த்துக்கொள்ளப் போகிறார்.

கோபம் வர வேண்டும். வரவில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 5

சம்மேளனத் தலைவருக்குப் போன் செய்தேன். அன்பாகப் பேசினார். மகளின் தேர்வைப் பற்றிக்கூட விசாரித்தார். அறிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம். "நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தர்மா. வெளியில பேசினா நல்லாவா இருக்கும்?" என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எதற்குச் சரி?

மார்ச் 19

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அன்றிலிருந்து தண்ணீரில் இறங்கவில்லை. ஏரிச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாளாம். அவள் அம்மாவும் கடையில் இருந்தார். அந்த அம்மாவுக்கு முதலிலிருந்தே தண்ணீர் என்றால் நடுக்கம், படகில் கால் வைத்ததே இல்லை. இப்போது மகள் வீட்டோடு இருப்பது நிம்மதி என்றார். சொல்லும்போது முகத்தில் நிம்மதி இல்லை.

ஒன்பதாவது விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எந்திரிச்சு வேணாம்னு சொல்வீங்களா அக்கா?"

"சொல்வேன்."

"சரி. நேரலையில பாக்கறேன்."

ஏப்ரல் 11

எங்கள் பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடந்து நான் பார்த்ததில்லை. தலைவர் வாசிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், "ஏகமனதாக, கைதட்டலுடன்" என்று தீர்மானம் நிறைவேறிவிடும். யாராவது எழுந்து வாக்கெடுப்பு கேட்டால் நடத்தியே தீர வேண்டும் என்று விதி இருக்கிறது. யாரும் எழுந்ததில்லை. அத்தனை பேரும் தலையாட்டிகள், நான் உட்பட.

அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன்: "ஒன்பதாவது விஷயத்துக்கு வாக்கெடுப்பு வேண்டும்." வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சத்தமா. இப்ப காபி கேக்கற மாதிரி இருக்கு." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 30

நாளை மறுநாள் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டவில்லை.

மே 4

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எட்டாவது, தன்னார்வலர்களுக்கு நன்றி. விடியலிலிருந்து போட்டிக்காக ஏரியில் மிதவைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள். ஈரச் சட்டையோடு வரிசையாக மேடைக்கு வந்தார்கள். நேரம் போதாததால் எட்டையும் ஒன்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதாகத் தலைவர் சொன்னார். என் காதில் விழுந்தது. விழுந்து என்ன? ஓரத்தில் நின்ற பெண் குளிரில் நடுங்கிக்கொண்டே எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். நான் கைதட்டினேன்.

"ஏகமனதாக, கைதட்டலுடன். அடுத்து பத்து."

அப்போதுதான் உறைத்தது. எழுந்தேன். வாக்கெடுப்பு என்று ஆரம்பித்தேன்.

"முடிஞ்சிருச்சேம்மா. நீங்களும்தானே தட்டினீங்க" என்றார் தலைவர் மைக்கில். அரங்கமே சிரித்தது.

உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்? ரெண்டு மாசமா ஒரே ஒரு வரி— அதைக்கூடச் சொல்லத் துப்பில்ல. ச்சீ.

மே 5

மருந்துக்கடைப் பெண்ணிடமிருந்து செய்தி. "நீங்களும் தட்டினீங்க அக்கா."

கேள்விக்குறிகூட இல்லை.

மே 13

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மே 27

எங்கள் குழுவில் இருக்கும் வக்கீல் அம்மா வீட்டுக்கு வந்தார். விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாமாம். எதற்குக் கைதட்டுகிறோம் என்று புரியாமல்தான் தட்டினோம் என்று, தட்டியவர்களில் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேரைக் கேட்டுப் பார்த்தாராம். தெரிந்துதான் தட்டினோம் என்று அடித்துச் சொல்கிறார்களாம். கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை, ஏமாளி என்ற பெயர் மட்டும் வந்துவிடக் கூடாது அவர்களுக்கு.

"உங்களைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க. பரவால்லயா?" என்றார்.

"ஏற்கெனவே சிரிச்சாச்சு" என்றேன்.

ஆகஸ்ட் 14

விசாரணை. ஜன்னல் இல்லாத அறை, குளிர்ந்துபோன தேநீர். சம்மேளனத்தின் வக்கீல் சின்ன வயசு, நன்றாகத் தயாராகி வந்திருந்தார். நெறிமுறைக் குழுவில் இருப்பவர் நீங்கள், தலைவர் சொன்னது காதில் விழுந்தும் தட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதற்கு என்றார்.

"நனைஞ்சு நின்ன பிள்ளைங்களுக்கு."

"அப்போ ஒன்பதாவதுக்கு?"

"அதுக்கும் அதே தட்டுதான். எனக்குப் பிரிச்சுத் தட்டத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். பிறகு அன்றைய காணொளியைப் போட்டார்கள். அரங்கத்தில் அத்தனை பேரும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள். என் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். சந்தோஷமாக இருக்கிறது அந்த முகம். வேறு யாரையோ பார்ப்பது போல இருந்தது.

செப்டம்பர் 29

தீர்ப்பு வந்துவிட்டது. கம்புக்காரரைத் தேர்ந்தெடுத்தது செல்லாது. எங்கள் அறிக்கையை எல்லா உறுப்பினர்களுக்கும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினார். மகள் குதித்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மே மாதத்திலிருந்து நான் எழுதிய எதற்கும் மருந்துக்கடைப் பெண் பதில் போடவில்லை.

அக்டோபர் 8

மருந்துக்கடைக்குப் போனேன். தலைவலி மாத்திரை கேட்டேன். கொடுத்தாள், மீதிச் சில்லறை கொடுத்தாள். தீர்ப்பு வந்ததைச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குத் தலைவலி இல்லை.

நவம்பர் 22

அதே அரங்கம், அதே நாற்காலிகள். மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கம்புக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணி முடித்து வாசித்தபோது அந்தக் கால் கீழே இறங்கியது. தோற்றுவிட்டார். கொஞ்சநஞ்ச வித்தியாசமில்லை.

முடிவைக் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். மே மாதம் தட்டிய அதே ஆட்கள். தலைவரும் தட்டினார், யாருக்கும் குறையாத உற்சாகத்தோடு. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வராந்தாவில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் செய்தேன். எடுக்கவில்லை. நியாயம்தான். எடுத்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? ஜெயித்துவிட்டோம் என்றா? உள்ளே போய் எல்லோரோடும் சாப்பிட்டேன்.

அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது செய்தி வந்தது.

"போன் அம்மாகிட்ட இருந்துச்சு அக்கா. படகுல உக்காந்து ரெண்டு கையாலயும் கம்பைக் கெட்டியா பிடிச்சிருந்தாங்க, அதான் எடுக்க முடியல. நான் தண்ணிக்குள்ள இருந்தேன்."