தொட்டில் இப்போது யார் வீட்டில்?

செவ்வாய், இரவு.

நாற்பத்தாறு வயதில் அப்பாவாகி தில்லி சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸையே சிரிக்க வைத்தவன் நான். அப்போது மகனுக்கு வாங்கிய சாய்வுத் தொட்டிலில் இனி எந்தக் குழந்தையையும் தூங்க வைக்காதீர்கள் என்று கம்பெனி இன்று மெயில் அனுப்பியிருக்கிறது. தலை கவிழ்ந்து மூச்சு அடைக்கிறதாம்.

மகன் இப்போது ஓடுகிறான். தொட்டிலோ குவார்ட்டர்ஸ் வழக்கப்படி எப்போதோ கைமாறிவிட்டது. கம்பெனிக்கு போன் செய்தேன்.

"வாங்கினவருக்குச் சொல்லிட்டோம் சார். அதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது."

"வாங்கினவன் அதுல படுக்கலையேம்மா!"

வைத்துவிட்டாள்.

நான் மாடி வீட்டு வசந்தாவுக்குக் கொடுத்தேன். அவள் மோதி பாக் குவார்ட்டர்ஸ் மீனாவுக்குக் கொடுத்தாளாம். மீனாவைப் போனில் பிடித்தேன்.

"போன மாசம் டிரான்ஸ்ஃபருக்கு சாமான் கட்ட வந்த பையாகிட்ட குடுத்துட்டேன் அண்ணா. பொண்ணு பொறந்திருக்குன்னான்."

"பேர் என்ன?"

"இந்தியில அண்ணான்னு, பையான்னுதானே கூப்பிடுவோம்? எந்தக் கடை ஆளுன்னும் ஞாபகமில்லை."

யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை என்பதுவரை எனக்குத் தெரியும். இவன் பெயர் தெரியவில்லை. நாளை சாமான் கட்டும் கடை ஒவ்வொன்றாக ஏறி, பெண் பிறந்த பையா யார் என்று கேட்கப் போகிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடவுளே, இந்த ஒரு ராத்திரி அந்தக் குழந்தை தூங்காமல் அழுது, அம்மா மடியிலேயே கிடக்கட்டும்.