இடது கையுறை

பரணிலிருந்து போர்வை எடுக்கப் போனேன். ஜாக்கெட் தலைமேல் விழுந்தது. வண்டியில் போகும்போது போட்டுக்கொள்ள நீயும் நானும் ஒன்றாகப் போய் வாங்கினோமே, அதே கறுப்பு ஜாக்கெட். ரசகற்பூர வாடைக்கு அடியில் நீ வேலை பார்த்த குளிர் அறையின் வாடை இன்னும் இருக்கிறது. ஈர அட்டைப்பெட்டியும் உறைந்த பட்டாணியும் கலந்த வாடை. பையில் கையை விட்டேன். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு ஜோடிக் கையுறை. உனக்காக வாங்கியது. கொடுக்க வாய்க்கவில்லை.

மார்கழி பிறந்துவிட்டது. திருமுல்லைவாயிலில் குளிர் என்றால் மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைப்பதோடு சரி. அடுப்படியிலிருந்து என் மனைவி, "போர்வை எடுக்க இவ்ளோ நேரமா? பரணுலயே படுத்துட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள். நான் ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இப்போதெல்லாம் எல்லாமே அசதியாக இருக்கிறது பாய். இறங்குவதற்குக்கூட.

பதினோரு வருடம் திட்டம் போட்டோம், தெரியுமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ குளிர்பதனக் கிடங்கில் மிஷின் பார்ப்பவன். எதிர்க் கட்டடத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை. இருவருக்கும் ஒரே டீக்கடை, ஒரே வகை வண்டி, ஒரே நிறம். ஒருநாள் உன் தேய்ந்த சாவி என் வண்டிக்குச் சேர்ந்துவிட, அதை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் வரைக்கும் போய்விட்டாய். திட்டுவதற்காகக் காத்திருந்த என்னிடம், "தப்பு உம்மேல நைனா. இன்னாத்துக்கு என் வண்டி மாதிரியே வாங்கின?" என்று கேட்டாய். அப்படி ஆரம்பித்தது நம் பழக்கம்.

விழுப்புரத்துக்காரன் நானும் பூந்தமல்லிக்காரன் நீயும் பனி பெய்வதைப் பார்த்ததில்லை. பொங்கல் முடிந்த கையோடு கிளம்பி நெல்லூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டில்லி என்று மணாலிக்கு வண்டியிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தோம். கோடையில் போங்களேன் என்று டீக்கடைக்காரர் சொன்னதற்கு நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பனி கரைஞ்சப்பறம் போயி இன்னா பாக்கறது, பாறையா? அது பல்லாவரத்துலயே கீதே."

நீ பேசுகிறவன், நான் எழுதுகிறவன். எந்த ஊரில் தங்குவது, எங்கே ஆயில் மாற்றுவது, எந்தப் பாதையில் காலை மூடுபனி, எல்லாவற்றுக்கும் என்னிடம் அட்டவணை இருந்தது. ஒரு வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் உன் தங்கை கல்யாணம். ஒரு டிசம்பரில் மழைத்தண்ணீர் ஏறி இரண்டு வண்டி இன்ஜினுக்குள்ளும் புகுந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தாய். "பனிய பாக்க நாம போறதுக்குள்ள தண்ணி வந்து நம்மள பாத்துட்டு போயிட்ச்சி நைனா!" என்று சிரித்தாய்.

போன ஜனவரியில்தான் எல்லாம் கூடி வந்தது. இரண்டு பேருக்கும் லீவு, இரண்டு வண்டியும் சர்வீஸ் முடிந்து தயார். அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. குளிரையே பார்க்காத ஊர்க்காரனுக்கு மட்டும்தான் அப்படியொரு யோசனை வரும். வாங்கிய ஜாக்கெட் குளிர் தாங்குமா என்று உன் கிடங்கிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்றாய்.

ஞாயிறு மதியம். மைனஸ் பதினெட்டு. ஆளுக்குப் பத்து நிமிடம் நின்று பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. "நிக்கறதுல இன்னா கீது? வண்டில போம்போது காத்து அறையுமே" என்று சொல்லி, குளிர்காற்று வீசும் ஃபேனுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாய். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை. தரை துடைக்கும் கட்டையை ஹேண்டில்பார் மாதிரிப் பிடித்துக்கொண்டு வளைவில் சாய்ந்தாய், கியர் மாற்றினாய். "டர்ர்ர்... ஆக்ரா தாண்டிட்டோம், ஆக்ரா!" நான் கதவோரம் கையில் கடிகாரத்தோடு நின்று வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டில்லி வருவதற்கு முன்னால் கட்டையை விட்டுவிட்டாய்.

வெளியே வந்து வெயிலில் படியில் உட்கார்ந்து இடது தோளிலிருந்து முழங்கை வரை தேய்த்துவிட்டுக்கொண்டாய். உதடு வெளுத்திருந்தது. "இந்தக் கை மட்டும் மரத்துகினு கீது நைனா. கிளவுசு டுபாக்கூரு" என்றாய். நான் போனை எடுத்து அட்டவணையில் எழுதினேன்: இடது கையுறை சரியில்லை, மாற்ற வேண்டும்.

எழுதினேன் பாய். இதோ இப்போதும் என் போனில் அந்த வரி இருக்கிறது. கையுறை மணிக்கட்டோடு முடிந்துவிடும்; நீ தேய்த்தது தோளை. வலது கையில் இருந்ததும் அதே ஜோடிதான், அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வருடமாக அந்த அறைக்குள் போய் வந்தவனுக்கு அன்றைக்கு மட்டும் ஏன் கை மரக்க வேண்டும்? பிறர் செய்த வேலையில் தவறு கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. என்ன மனுஷன் நான்! சாயங்காலமே போய் உனக்குப் புதுக் கையுறை வாங்கினேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை நீ மிஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டதாக உன்னோடு வேலை செய்பவர் போன் செய்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. கபர்ஸ்தானில் எல்லோரும் போட்டதைப் போல நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். கையுறை அப்போதும் என் ஜாக்கெட் பையில்தான் இருந்தது.

உன் வீட்டம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் அவர் இத்தா துக்கத்தில் இருந்தார். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் யாரையும் பார்க்க மாட்டார். எனக்கு அது வசதியாகப் போயிற்று, மறைக்காமல் சொல்கிறேன். இத்தா முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. மெட்ரோ வேலையில் பூந்தமல்லி ரோடு சரியில்லை என்று இருந்தேன். ஏழு மாதம் ஓடிவிட்டது. கையுறை கையில் பட்ட பிறகு இன்றைக்கு எந்தச் சாக்கும் மிச்சமில்லை. போர்வையைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

"வாங்கண்ணா. இந்த வருசமாவது கெளம்பறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உன் வீட்டம்மா டீ வைத்தார். டீயைத் தொடாமல் கையுறையை எடுத்து வைத்தேன். பெட்டி, கட்டை, ஆக்ரா, தோள், நான் எழுதிய வரி, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்து எங்கிட்டயும் சொன்னாரு" என்றார். "தைலம் தேச்சி வுட்டேன். 'குளுருக்கு பயந்துகினு இப்பவே நடிக்கிறியா'ன்னு கிண்டல் பண்ணேன். அவரும் சிரிச்சாரு." கையுறையை மடித்து டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார். "இத்தால உக்காந்துகினு அதத்தாண்ணா நெனச்சிகினே கெடந்தேன். யாராண்ட சொல்றது? உங்க மேல எனக்கு கோவம் வருது. எம்மேல அதவிட வருது."

நான் ஆறுதல் சொல்லவில்லை. அவரும் எனக்குச் சொல்லவில்லை. டீ ஆறி ஏடு படிந்தது. கிளம்பும்போது கையுறையை என்னிடமே நீட்டினார். "நீங்களே வச்சிக்கங்க. அவருக்குன்னு வாங்கினது, போட்டுகினு போங்க. ஆனா மொதல்ல டாக்டராண்ட ஒரு தடவ காட்டிகினு அப்புறம் போங்க."

மணாலி போவேனா என்று தெரியவில்லை. டாக்டரிடம் போவேன், உன் வீட்டம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் பிடித்த இடது கை மரத்த மாதிரி இருந்தது. வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு வலது கையையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் சில்லிட்டிருந்தன. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

இந்தப் பழக்கம் உன்னால் வந்தது. ஆபீசிலோ வீட்டிலோ யாராவது கை மரத்துவிட்டது என்று சொன்னால், "இன்னொரு கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்தப் படியில் உன்னிடம் இதைக் கேட்டிருந்தால், நீ வலது கையை ஆட்டிக் காட்டி, "இது சூப்பரா கீது நைனா" என்று பல்லைக் காட்டியிருப்பாய். அது போதும் எனக்கு. ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற விடாமல் உன்னை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.