திரும்பி வந்த வலை

ஐப்பசி 14, செவ்வாய்

எங்கள் ராஜபாளையம் கம்பெனியில் தைத்த பாதுகாப்பு வலை ஒன்று இன்று சென்னையிலிருந்து திரும்பி வந்தது. நாற்பது மாடிக் கட்டடத்தில் கட்டியிருந்தார்களாம். நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

"பலகை ஏதாச்சும் விழுந்துருக்கும். ஒட்டுப் போட்டு அனுப்பிரு" என்றார் சூப்பர்வைசர்.

கிழிசலில் சட்டைத்துணி சிக்கியிருந்தது. பலகை எங்கே சட்டை போடுகிறது? துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஒட்டுப் போட்டேன்.

சாயங்காலம் தம்பி போனில் பேசினான். அவனும் சென்னையில்தான் கம்பி கட்டுகிறான்.

"முப்பதாவது மாடில நிக்கேன்க்கா. போன மாசம் கடல் தெரிஞ்சுது. இப்ப எதுத்தாப்ல ரெண்டு கட்டடம் மறைச்சிருச்சு."

"பயமா இல்லையாலே?"

"வலை இருக்குல்லா? நம்மூரு வலைதான்க்கா."

ஒட்டுக்கு நான் போட்டது இரட்டைத் தையலா, ஒற்றைத் தையலா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வலையை ஏற்றிய லாரி மத்தியானமே சென்னைக்குக் கிளம்பிவிட்டது.