மணி அடித்த பிறகும் நீ இறங்கிப் போகவில்லை

நேற்று மஸ்கெலியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கை கழுவப் போனேன். குழாயடியில் பாதி தேய்ந்த சிவப்புச் சவர்க்காரம் ஒன்று கிடந்தது. அதன் வாசனை மூக்கில் பட்டதும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டேன். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பிறகு நகக்கண், பிறகு மணிக்கட்டு. பின்னால் நின்றவர் பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணே, ஆபரேசனா செய்யப் போறீங்க? சோறு ஆறிப் போகுது."

நான் சிரித்துவிட்டு விலகினேன். அப்படிக் கை கழுவ எனக்குச் சொல்லித் தந்தது நீ. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன உன் கைகளை, டாக்டர்கூடக் குறை சொல்ல முடியாத அளவுக்கு நீ கழுவுவாய். உன் வீட்டுக்கு வரும் எனக்கும் அதுதான் சட்டம். "பிள்ளையத் தூக்கணும்னா மொதல்ல கழுவிட்டு வா. பேப்பர்காரன் கையி எங்கெங்க பட்டுச்சோ யாருக்குத் தெரியும்."

புவனா பிறந்த நாளில் நீ அட்டனில் என் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாய். "பொம்பளப் பிள்ளை. முதுகுல ஒரு கட்டி மாதிரி இருக்குடா. கண்டிக்கு அனுப்புறாங்க. நீ வா." அவ்வளவுதான் சொன்னாய். கண்டியில் அவளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து முதுகை மூடினார்கள். வயிற்றில் இருக்கும்போதே முதுகெலும்பு முழுதாக மூடவில்லை, அதற்குள் ஓடும் நரம்புகள் கெட்டுவிட்டன, கால்களில் பலம் குறைவாகவே இருக்கும், சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது என்று டாக்டர் சொன்னார். அதற்கு ஸ்பைனா பைபிடா என்று பெயரும் சொன்னார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் அந்தப் பெயர் யாருக்கும் மனதில் நிற்கவில்லை. "முதுகு மூடாத பிள்ளை" என்றார்கள்.

காரணமும் அவர்களே கண்டுபிடித்தார்கள். உன் மனைவி செல்வி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே நடமாடினாளாம். தண்ணீர்ப் பீலியடியில் யாரோ அதை அவள் காதுபடச் சொல்ல, அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள். நீ சட்டைகூடப் போடாமல் பீலிக்குப் போனாய்.

"கிரகணத்தன்னைக்கு வேலைக்கு வராதவங்க கையைத் தூக்குங்க பாப்போம். எல்லாருந்தானே வந்தோம்? தொரை வூட்டு நாயிகூட அன்னைக்கு மலையெல்லாம் சுத்துச்சு. அது போட்ட நாலு குட்டியும் நல்லாத்தான் ஓடுது."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு உன் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

புவனாவுக்கு நாலு வயதாகும்போது செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தோட்டச் சம்பளத்தில் கண்டிக்குப் போய்வரக்கூட முடியவில்லை என்பதுதான் காரணம். அவள் விட்டுப்போன கொழுந்துக் கூடையின் ஒரு பக்கத்தை, கால்கள் வெளியே தொங்கும்படி நீ வெட்டினாய். உள்ளே பழைய கம்பளியை மடித்து வைத்தாய். பெண்கள் மாட்டுவதுபோலவே கயிற்றைத் தலையில் மாட்டி, மகளைக் கூடையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனாய். ஆண்பிள்ளை யாரும் அந்தக் கூடையைச் சுமந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கங்காணி விடுவாரா?

"என்னப்பா, பொம்பள ஆளோட பேரு போடவா? இன்னைக்கு எத்தனை கிலோ?"

"பதினாலு. ஈரக் கொழுந்துன்னு தண்ணிக்குக் கழிச்சிராதீங்க, ஒடம்பு காஞ்சுதான் இருக்கு."

கூடைக்குள்ளிருந்து ஒரு குரல். "அப்பா, நான் பதினஞ்சு!"

களமே சிரித்தது. மறுநாளிலிருந்து உன்னைக் கேட்காமல் புவனாவையே எடை கேட்டார்கள். அவள் தினமும் கூட்டிக்கொண்டே போனாள்.

அவளுடைய காய்ச்சல் மட்டும் சிரிக்கும்படி இல்லை. சிறுநீர் தேங்கித் தேங்கிக் கிருமி பிடித்தது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் போட்டு வெளியேற்ற வேண்டும் என்று கிளினிக்கில் உனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நீ ஒரு தரம் பார்த்தாய், இரண்டாம் தரம் செய்தாய். வீட்டில் செய்வது சரி. பள்ளிக்கூட நேரத்தில் என்ன செய்வது? கவ்வாத்து வேலை, வெட்டி முடிக்க வேண்டிய செடிகளைக் கணக்காகக் கொடுத்துவிடும் வேலை. பாதியில் போய் வந்து மிச்சத்தை வெட்டலாம். இடைவேளை மணி கேட்டதும் நீ கத்தியைச் செடிக்கடியில் வைத்துவிட்டுப் படிகளில் இறங்குவாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அதிபர் ஆசிரியர்களின் கழிவறைச் சாவியையே உன்னிடம் கொடுத்தார். "திறப்பை நீங்களே வைச்சிருங்கோ. ஒவ்வொரு நாளும் வந்து கேட்டு நிக்க வேண்டாம்." அவர் மாற்றலாகிப் போகும் நாளில், கூடையில் மகளோடு நீ பஸ் வரைக்கும் போய் வழியனுப்பினாய்.

புவனா வளர்ந்தாள். காலுக்கு இரும்புச் சட்டமும் கைக்கு ஊன்றுகோல்களும் வந்தன. கூடை பரணுக்குப் போயிற்று. ஒரு பின்னேரம் நீர்த்தேக்கத்துக் கரையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வற்றி, மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் சுவர் வெளியே தெரிந்தது. நீ அதைப் பார்க்கவே இல்லை.

"அவ பெரிய பிள்ளையாகப் போறாடா. எத்தனை நாளைக்கு அப்பன் இதைச் செய்யிறது? அவளுக்கே இப்ப ஒரு மாதிரி இருக்கு, மொகத்தைத் திருப்பிக்கிறா. அவங்கம்மாவும் இல்ல. நாளைக்கு நான் மலையில வுழுந்து செத்தா இவளை யாருடா பாக்குறது?"

கண்டிக்குப் போய்க் கேட்போம் என்றேன்.

கிளினிக்கில் இருந்த தாதி சிங்களப் பெண், நடுவயது. அவள் உன்னைப் பார்க்கவில்லை, புவனாவைப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே செய்வார்கள், இவளும் செய்வாள் என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் அவளைக் கூட்டிப் போனாள். நாம் இருவரும் இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றோம். உனக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. தாதி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "சிறுநீர்ப்பை முற்றாக வெறுமையாகும் வரை குழாயை அகற்றலாகாது..."

"டேய், செய்தியா வாசிக்கிற?" என்றாய்.

"அப்ப நீயே சொல்லு."

நீ தொண்டையைச் செருமினாய். "அம்மாடி, அது வந்து... அந்த... மெதுவா..." அதற்கு மேல் வரவில்லை. லயத்தில் வளர்ந்த நமக்குத் தெரிந்த சொற்களெல்லாம் சண்டையில் பேசுகிற சொற்கள். எனக்குத் தெரிந்த மற்றவை புத்தகச் சொற்கள். மகளிடம் சொல்லக்கூடிய சொல் இரண்டு பேரிடமும் இல்லை. உன் காது சிவந்துபோயிருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து புவனாதான் முடித்து வைத்தாள். "அப்பா, மாமா, ரெண்டு பேரும் வெளிய போங்களேன். மிஸ் கையைப் பாத்தாலே புரியுது."

வெளியே போனோம். நடைபாதைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். கொஞ்ச நேரம் கழித்துத் தாதி தலையை நீட்டி "ஹொந்தயி" என்றாள். நல்லது என்ற அந்த ஒரு சொல் உனக்கு யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவள் தனியாகச் செய்யப் போகும் முதல் நாள் உன்னால் இருக்க முடியவில்லை. தோட்டத்துப் பாதை இடிந்ததைப் பற்றி எழுத வந்த நான், உன்னைத் தேடிக் கவ்வாத்து மலைக்கு ஏறி வந்திருந்தேன். கீழே பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையும் மைதானமும் தெரிந்தன. மணி அடித்தது. பழக்கத்தில் நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டாய். பிறகு எடுத்தாய். செடியை வெட்டாமல் வெறுமனே கொத்தினாய்.

"அந்தச் செடி ஒனக்கு என்னடா பாவம் செஞ்சுச்சு?" என்று கங்காணி மேலேயிருந்து கத்தினார்.

புவனா ஊன்றுகோல்களோடு மைதானத்தின் ஓரமாகப் போனாள். தோளில் குழாய் வைத்த சின்னப் பை. கழிவறைக் கதவு மூடியது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், உனக்கே தெரியாமல். எனக்கு வலித்தது. கதவு திறக்க நேரமாயிற்று. "வுழுந்துட்டாளோ?" என்றாய். "போயி ஒருக்கா பாத்துட்டு வந்துரவா?" என்றாய். நான் சொன்ன எதுவும் உனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீ இறங்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றாய்.

கதவு திறந்தது. அவள் குழாயடியில் கை கழுவினாள், முழங்கை வரைக்கும். பிறகு சிநேகிதிகள் நின்ற பக்கம் போய், யாரோ நீட்டிய எதையோ வாங்கித் தின்னத் தொடங்கினாள். மலைப் பக்கம் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"திரும்பியே பாக்கல, பாத்தியா?" என்றாய். அது சந்தோசமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை. நீ குனிந்து மிச்சச் செடிகளை வெட்டத் தொடங்கினாய். அன்று பகலுக்குள் உன் கணக்கை முடித்தாய்.

போன மழைக்காலத்தில், அதே மலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நான் வந்தபோது தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். உன்னை இஸ்தோப்புத் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். புவனா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அழுது ஓய்ந்த முகம்.

பக்கத்தில் உன் தம்பி பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை, பயந்திருந்தான். "அண்ணி வந்தாலும் திரும்பிப் போகணும். இந்தப் பிள்ளைய யாரு பாக்குறது? நம்மளால முடியுமா? ஏதாவது இல்லத்துல சேத்து வுட்டா நல்லாப் பாத்துக்குவாங்க." அவளை வைத்துக்கொண்டே பேசினார்கள். அவள் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். தன் சின்னப் பையையும் ஊன்றுகோல்களையும் எடுத்தாள். ஒரு பெண் ஓடிவந்து, "எங்கடி போற? இந்நேரத்துல அப்பாவ வுட்டுட்டுப் போகக் கூடாது" என்று தடுத்தாள்.

"வந்துர்றேன் அத்தை."

அழத்தான் போகிறாள் என்று எல்லாரும் வழி விட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கை ஈரத்தோடு திரும்பி வந்து, உன் தலைமாட்டில் உட்காராமல் உன் தம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சித்தப்பா, யாரு பாக்குறதுன்னு கேட்டீங்கல்ல? என்னைய நான் பாத்துக்குவேன். தண்ணி தூக்குறதுக்கும் வெறகு கொண்டாறதுக்கும்தான் ஆளு வேணும். அதைப் பேசி முடிங்க."

தம்பி பெரியவர்களைப் பார்த்தான். பிறகு, "தண்ணி நான் கொண்டாந்து வைக்கிறேன்" என்றான். இன்று வரைக்கும் கொண்டுவந்து வைக்கிறான்.

உன்னை அடக்கம் செய்து மூன்றாம் நாள்தான் செல்வி வந்து சேர்ந்தாள். விட்டுப்போன நாலு வயதுப் பிள்ளையைத் தேடி வந்தவள்போல எல்லாவற்றையும் தானே செய்யத் துடித்தாள். குழாய் வைக்கும் பையைக்கூட மகள் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். புவனா பையைக் கொடுக்கவில்லை. சீப்பைக் கொடுத்தாள். "இது நான் பாத்துக்கிறேம்மா. நீங்க தலை பின்னி வுடுங்க. அப்பாவுக்கு அது மட்டும் கடைசி வரைக்கும் ஒழுங்கா வரல." செல்வி அழுதுகொண்டே பின்னினாள். அவள் திரும்பக் குவைத்துக்குப் போகவில்லை.

எனக்கு இன்னும் எழுதும் வேலை இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளைகள், பேசச் சிரமப்படும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போகிறேன். பூண்டுலோயாப் பக்கம் போன வாரமும் ஒரு வீட்டுக்குப் போனேன். முன்பெல்லாம் தாய் தகப்பனைத்தான் கேட்பேன், பிள்ளை எப்படி இருக்கிறது என்று. இப்போது கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கிறேன். தகப்பன் பதில் சொல்ல வாயெடுத்தால், கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். சில பிள்ளைகள் வாய் திறக்க வெகுநேரம் ஆகிறது. கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. காத்திருக்கிறேன்.