தோமா அன்று அறையில் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு, தோத்திரம். நான் சுகம். ஆபரேஷன் முடிந்து நீங்களும் சுகம் என்று அம்மாவும் தங்கையும் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் அறை வெல்டர் அண்ணனுக்கு ஊரில் மகள் பிறந்திருக்கிறாள். எல்லோரும் போனில் குழந்தையைப் பார்த்தபோது, சமையல் என் முறை என்று நான் காய்கறி வாங்கப் போயிருந்தேன். திரும்பியதும், அப்படியே அப்பா ஜாடை என்றார்கள். "நான் பாத்தாத்தான் நம்புவேன்" என்றேன். "இத்தனை பேரு சொல்றோம், சரியான சந்தேகத் தோமாடா நீ" என்று அண்ணன் சிரித்தார்.

பிரசங்கத்தில் நீங்களும் தோமாவை வறுத்தெடுப்பீர்கள். ஆனால் மற்ற சீடர்களும் உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைப் பார்த்த பிறகுதானே சந்தோஷப்பட்டார்கள்? அவர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தபோது இவர் வெளியே போயிருந்தார். அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் இவரும் கேட்டார். அதற்குப் போய் இத்தனை காலம் கெட்ட பெயர்.

தங்கை பார்சல் அனுப்பினால், நம் வீட்டு வாசனைக்கு, அங்கே துவைத்த தலையணை உறை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுங்கள். நம்பாமல் கேட்கவில்லை அப்பா. அன்று நான் அங்கே இல்லை.

வேலைக்கு வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்