எலுமிச்சைத் தோட்டத்துப் புல்

சோலைமுத்துவின் அப்பாவுக்கு,

செம்பட்டிக்கு, தம்பி வீட்டுக்குப் போகிறேன். கோபமில்லை. புல் வெட்டும் வண்டி நம் தோட்டத்துக்குள் நுழைவதைப் பார்க்கத் தெம்பில்லை. நாளைக் காலை வந்துவிடுவேன். சோறு வடித்திருக்கிறேன். கத்தரிக்காய் வெஞ்சனம் உறியில் இருக்கிறது.

டிராக்டர் விற்கிறவர் பதினோரு மணிக்கு மதுரையிலிருந்து வருவார். சின்ன டிராக்டரையே சொல்லிவிடுங்கள். பெரியது உழவுக்கும் ஆகும்தான். ஆனால் எலுமிச்சைக் கொப்புகளுக்கு அடியில் அது போகாது என்று நம் பிள்ளை சோலைமுத்து கயிறு பிடித்து அளந்து காட்டினான். அந்தக் கயிறு கதவு ஆணியில் தொங்குகிறது. பக்கவாட்டில் நீளும் கத்தி மரத்தூரில் மோதும். பின்னால் சுழலும் கத்தியைக் கேளுங்கள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா, புல்லு இடுப்புக்கு வந்துருச்சு" என்றான். "ஏலே, செத்த நேரம் பொறு" என்றீர்கள். மூன்று மாதம் யோசித்தோம். அவனைக் கடித்த விரியன் அந்தப் புல்லுக்குள்தான் கிடந்தது.

தலைத்திவசம் முடியாமல் புதுச் சாமான் வாங்கக் கூடாது என்று உங்கள் அக்கா சொல்வார். கேட்காதீர்கள். அதுவரை நீங்கள் அரிவாளோடு புல்லுக்குள் இறங்குவீர்கள். இன்னொருவரையும் பறிகொடுக்க என்னால் முடியாது.

கண்ணம்மாள்

அவன் விழுந்த வரிசையை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். அதையும் வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களால்தான் தாமதமானது என்று நேற்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பெரிய வண்டிதான் வேண்டும் என்று அந்த மூன்று மாதமும் அடுப்படியில் உங்களைப் பிடித்து நிறுத்தியவள் நான். நீங்கள் நேற்றும் அதை யாரிடமும் சொல்லவில்லை.